பனியன் அச்சுக்குத் தடித்த பிக்சல் தமிழ் எழுத்துரு

பழைய ஆர்கேட் விளையாட்டுகளின் ஆங்கில எழுத்துக்கு 8×8 கட்டம் போதும். திருப்பூர் பனியனில் அதே மிடுக்கைத் தமிழில் கொண்டுவர அது பத்தாது. நமக்கு மேலே புள்ளியும் மேல்விலங்கும், கீழே உகர வாலும் உண்டு. 16 வரிசை எடுங்கள்: மேலே 3, உடலுக்கு 9, அடிக்கோட்டுக்கு (எழுத்தின் உடல் உட்காரும் கோடு) கீழே 4. கோட்டுத் தடிப்பு 2 கட்டம். புள்ளி 2×2, எழுத்துக்கும் அதற்கும் நடுவே 1 கட்டம் காலி.

முதலில் ண வரையுங்கள். 5 செங்குத்துக் கோடு, நடுவே 1 கட்டமாக 4 இடைவெளி என்று வைத்தால் 14 கட்டம் அகலம் வரும். அகலம் அதிகம் என்று அதன் கோட்டை மட்டும் 1 கட்டமாக மெலிக்க வேண்டாம். சொல்லுக்குள் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். அடுத்து ர, துணைக்கால். இரண்டையும் பிரிப்பது வால்தான், அது 2 கட்டமாவது கீழே இறங்க வேண்டும். எ–ஏ, ழ–மு ஜோடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே வரையுங்கள்.

எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் எம் அளவு (எழுத்தின் மொத்த உயரம்) 1024 அலகு, ஒரு கட்டம் 64 அலகு, அடிக்கோட்டுக்கு மேல் 768, கீழ் 256. எழுத்தின் அகலமும் 64-இன் மடங்காகவே இருக்கட்டும். ஒன்று தவறினாலும் அதற்குப் பின் வரும் எழுத்தெல்லாம் கட்டம் விட்டு நகரும். சாய்வுகளில் இரண்டு சதுரம் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டால், துணியில் அந்த இடம் அறுந்தோ மையால் ஒட்டியோ போகும். ஒரு கட்டமாவது விளிம்போடு விளிம்பு சேரட்டும்.

18 மெய்க்கும் புள்ளி, இ, ஈ, உ, ஊ சேர்ந்த வடிவங்கள் 90. இவற்றைத் தனித்தனியே வரைவதுதான் நல்லது. கொம்பும் காலும் தனிக் குறிகள். ஒகர வரிசையில் அவற்றை இருபுறமும் பிரித்து வைப்பது மென்பொருளின் வேலை. பொள்ளாச்சி, ஊத்துக்குளி, பண்ணாரி மூன்றையும் அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் பழைய டிசைன் மென்பொருளில்தான். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, பாத் ஆக, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக, மாற்றிக் கொண்டுபோங்கள்.

அச்சுத் திரை தயாரிக்கும் ஃபிலிமுக்கு வெக்டராகவே (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவம்) கொடுங்கள். படமாகத்தான் கேட்கிறார்கள் என்றால் பிஎன்ஜி. ஜேபெக் விளிம்பைக் கலங்கடிக்கும். படத்தைப் பெரிதாக்கும்போது நிறங்களைக் கலக்காத நியரஸ்ட் நெய்பர் முறையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் சதுரத்தின் ஓரம் மங்கும்.

பண்ணாரி என்ற சொல் 50 கட்டத்தைத் தாண்டும். கட்டத்துக்கு 4 மி.மீ. வைத்தால் 20 செ.மீ.-க்கு மேல், குழந்தைகள் சைசுக்கு 2 மி.மீ.-ஆகக் குறையுங்கள். பஃப் மை சூட்டில் உப்பும், ண-வின் ஒற்றைக் கட்ட இடைவெளி சிறிய அளவில் அடைபடும். அங்கே சாதாரண பிக்மென்ட் மைதான் சரி.

பனியனுக்கான சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி அகலவாக்கில் அதிகம் இழுபடும். அச்சுப் பலகையில் இழுத்து ஒட்டி அச்சடித்தால், எடுத்தவுடன் துணி சுருங்கிச் சதுரமெல்லாம் ஒல்லிச் செவ்வகமாகிவிடும். வேறு எழுத்தில் இது கண்ணில் படாமல் போகலாம், பிக்சல் எழுத்தில் உடனே தெரியும். துணியைத் தளர்வாக விரித்து, கையால் தடவி ஒட்டுங்கள்.