கெடு நெருங்கினால் வந்த படபடப்பு

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடைக்குக் கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு நெருங்கினாலே நெஞ்சு படபடக்கும், விரல் சில்லிடும், பார்த்த பில்லையே திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

போனை டிராயரில் பூட்டினேன். காபியை விட்டேன், தலைவலிதான் மிச்சம். விடியக்காலை தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். நல்லாப் பசித்தது, பயம் போகவில்லை.

ஒருநாள்தான் பிடிபட்டது: திரையில் பக்கம் லோடாகும்வரை மூச்சை அடக்கிக்கொள்கிறேன்! மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். அதனால் நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடுகிறேன், விரலில் சூடு ஏறும்வரை. அப்புறம்தான் கொள்முதல் பில்களை 2பி-யோடு, அதாவது நமக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியலோடு, ஒப்பிடுவது. மிளகாய் வத்தல் பில் முதலில், அது சுலபம். தள்ளுபடிக் குழப்பம் உள்ள முந்திரி பில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

போன மாதம் 18-ஆம் தேதியே தாக்கல் முடிந்தது. முதலாளிக்கே நம்பிக்கை வரவில்லை.