சீட்டு கொடுத்து அனுப்பினால் போதாது: மார்பகப் புற்றுநோய்த் தொண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் எங்கள் குழு ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மரியாதையாகப் பேசு, நேரத்துக்குப் போ என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"சொல்லியாச்சு, போவாங்க" என்று விட்டுவிடுவது

இன்னமும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் கோயில் மண்டபத்தில் முகாம் நடக்கும். ரிப்பன் குத்துவார்கள், பேசுவார்கள், மீ கோரெங் கொடுப்பார்கள். தாதி பரிசோதிக்கும்போது ஒரு பெண்ணுக்குக் கட்டி தட்டுப்படும். "கிளினிக்ல போய்க் காட்டுங்கக்கா" என்று ஒரு சீட்டு. அதோடு சரி. அவர் போனாரா என்று யாரும் கேட்பதில்லை.

செம்பனைத் தோட்டத்தில் கொட்டை பொறுக்கும் ஒரு அக்கா, தீபாவளி முடியட்டும் என்றார். அப்புறம் பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்றார். "வலியே இல்லையே தங்கச்சி, எதுக்கு ஒரு நாள் சம்பளத்த விடணும்?" என்று கேட்டார். மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. முகாமில் அவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. தோல் உள்ளிழுத்துச் சுருங்கிய பிறகுதான் மகள் வற்புறுத்தி அழைத்துப் போனாள். கட்டியைச் சுருக்க, அறுவைக்கு முன்பே கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) தேவைப்பட்டது. நம் மலேசியாவில் 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்நோய் வந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் தெரியவந்திருக்கிறது.

அந்தச் சீட்டுக்குப் பின்னால் எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். அரசு கிளினிக்கில் ஒரு நாள். அங்கே தரும் கடிதத்தோடு ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவில் ஒரு நாள். மெமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஊசியால் திசு எடுப்பது, முடிவு கேட்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள் ஆகலாம். சில நாட்களுக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைக்காது, வந்து போன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப்தான் கிடைக்கும். நாள் கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போனதுதான். திசு எடுக்கும் கட்டத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த ஊசியால் நோய் பரவுவதில்லை. திசுவைப் பார்க்காமல் என்ன வகைப் புற்று என்று தெரியாது, மருந்தும் முடிவாகாது.

அதனால் கட்டி தட்டுப்பட்ட பெண்ணுடைய போன் நம்பரோடு மகள் நம்பரையும் முகாமிலேயே வாங்குங்கள். கிளினிக் போகும் தேதியை அங்கேயே பேசி முடியுங்கள். வண்டி யார் ஓட்டுவது, மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) லீவு யார் கேட்பது, மலாய்க் கடிதத்தை யார் படித்துச் சொல்வது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். திசு முடிவு வரும்வரை ஒரே தொண்டர் கூடப் போகட்டும். ஆள் மாறினால் அந்தப் பெண் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதற்கே கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார். கூடப் போக ஆள் இல்லையா, முகாமைத் தள்ளிப்போடுங்கள்.

நோயாளியைப் படம் எடுத்து ஆன்லைனில் போடுவது

வேண்டாம். அவர் சம்மதித்தாலும் வேண்டாம். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருக்கலாம்.

கணவரை வாசலில் நிற்கவிடுவது

நாம் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது அவர் வெளியே நிற்பார். தொட்டால் ஒட்டுமா, பிழைப்பாளா என்ற கேள்விகளை மனைவி முன்னால் அவரால் கேட்க முடியாது. ஓர் ஆண் தொண்டர் அவரைத் தே தாரிக் குடிக்க அழைத்துப் போகட்டும்.

துரியான் பெலண்டா (முள்சீத்தா) இலைக்காகச் சண்டை போடுவது

திட்டினால் ஒளித்துக் குடிப்பார்கள். அந்த இலை புற்றைக் குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. குடிப்பதை டாக்டரிடம் சொல்ல வையுங்கள், சிகிச்சையை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீமோ காலத்துக் காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்துச் சமாளிப்பது

கீமோவால் ரத்தத்தில் வெள்ளையணு குறைந்திருக்கும்போது தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து. 38 டிகிரி காட்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவு. பழக்கூடைக்குப் பதில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுங்கள்.

பணப் பேச்சைக் கடைசிக்கு வைப்பது

ரேடியோதெரபிக்கு (கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு) ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குப் போவதென்றால் இங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதுவும் வார நாட்களில் தினமும், பல வாரங்களுக்கு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக அரசு 2019இல் தொடங்கிய பேக்கா பி40 திட்டத்தில், தகுதி உள்ளவர்களுக்குச் சிகிச்சையை முடிக்க 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரையும் தீபகற்பத்துக்குள் பயணத்துக்கு 500 வெள்ளி வரையும் உதவி வைத்திருக்கிறார்கள். இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) மருத்துவத் தொகை, வேலை செய்ய முடியாமல் போனால் பெர்கெசோ (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) உதவி, இவற்றையும் நோய் உறுதியான வாரத்திலேயே விசாரியுங்கள்.

கீமோவில் கொட்டிய முடி வளர்ந்ததும் விலகிவிடுவது

ஹார்மோனைச் சார்ந்த புற்றாக இருந்தால் தமோக்ஸிஃபென் போன்ற மாத்திரையை 5 ஆண்டு, சிலர் 10 ஆண்டுகூடத் தினமும் விழுங்க வேண்டும். உடம்பு தகிக்கிறது, தூக்கம் வரவில்லை என்று நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் அதற்கெல்லாம் வழி உண்டு. சிகிச்சை முடிந்தவர் பெயரை எங்கள் நோட்டில் அடிப்பதில்லை. மருந்து வாங்கும் தேதி நெருங்கும்போது போன் போட்டுக் கேட்கிறோம்.