சுகர் ஏறுனது சோத்தால மட்டும் இல்லங்க

டைப் 2 சுகர் வந்து ஆறு வருஷம் ஆச்சு எனக்கு. மாத்திரை ஒருநாள் தவறுனதில்ல, சோறும் பாதியா கொறச்சாச்சு, ஆனாலும் ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர காட்டுற ரத்த டெஸ்ட், 8.6லயே நின்னுச்சு. நான் எல்லாம் கரெக்டா இருக்கணும்னு நெனைக்கிற ஆளு, காலைல வெறும் வயித்துல 160 காட்டுனா அன்னிக்கு பூரா மனசு சரியிருக்காது, யார்கிட்டயும் சொல்லாம உள்ளயே வச்சுக்குவேன், ராத்திரி தூக்கம் வராது, மறுநாள் பாத்தா 180.

டாக்டரம்மாதான் புரிய வச்சாங்க. டென்ஷன்ல கார்டிசோல், அட்ரினலின்ங்கற ஹார்மோன் எல்லாம் சுரந்து ஈரல்ல இருக்குற சர்க்கரைய ரத்தத்துல எறக்கிவிடுமாம், இன்சுலினையும் ஒழுங்கா வேலை செய்ய விடாதாம். கவுன்சிலிங் போகச் சொன்னாங்க. மொதல்ல கோவம்தான் வந்துச்சு, அப்புறம் போனேன்.

அங்க சொன்னபடி சுகர் நோட்டுல நம்பர் பக்கத்துலயே முந்தின நாள் எப்படி தூங்குனேன், என்ன கவலைன்னு ஒரு வரி எழுதுனேன். பத்து நாள்லயே தெரிஞ்சுச்சு, வீட்டுக்கடன் தவணை வர்ற வாரம்தான் எகிறுது! அன்னிக்கே வீட்டுக்காரிகிட்ட கடன் கணக்க பூரா சொல்லிட்டேன், சாயங்காலம் ரெண்டு பேரும் அரைமணி நேரம் நடக்க ஆரம்பிச்சோம். மாத்திரை அதே டோஸ்தான். மூணு மாசம் கழிச்சு பாத்தா ஹெச்பிஏ1சி 7.3.

நேத்து காலைல 152. நோட்டுல எழுதிட்டு இட்லி சாப்பிட போயிட்டேன்.