ரொபனின் உள்வெட்டு: இடக்கால் பொடியனை வலது விங்கில் பழக்குவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒரு பொடியன் இடக்கால்காரன் என்று தெரிந்தால் அவனை நேரே லெப்ட் விங்குக்கோ (இடப்பக்கத் தாக்குதல்) லெப்ட் பெக்குக்கோ (இடப்பக்கத் தடுப்பு) அனுப்பிவிடுவார்கள். கோட்டோடு ஓடு, குறோஸ் போடு என்பதோடு அவன் வேலை முடிந்துவிடும். அதே பொடியனை வலப்பக்கம் நிறுத்தி, உள்ளே வெட்டிக் கோலுக்கு அடிக்கப் பழக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நெதர்லாந்தின் அர்ஜன் ரொபனைவிட நல்ல பாடம் கிடையாது. 1984இல் பெடும் என்ற ஊரில் பிறந்தவர். குரோனிங்கன், பிஎஸ்வி, செல்சி, ரியல் மெட்ரிட் என்று போய், 2009இல் பயர்ன் மியூனிக்குக்கு வந்து, பத்துப் பருவகாலம் பெரும்பாலும் வலது விங்கிலேயே நின்று எட்டு ஜேர்மன் லீக் பட்டங்களை எடுத்தார். தேசிய அணிக்கு 96 ஆட்டங்களில் 37 கோல்.

அவர் இடக்காலுக்குத்தான் வெட்டுவார் என்பது எதிரணி பெக்குக்கும் தெரியும், பார்வையாளருக்கும் தெரியும். தெரிந்தும் மறிக்க முடியாமல் போனது அடியின் வேகத்தால் மட்டுமல்ல, வெட்டும் நேரத்தால். ஆகவே பயிற்சியில் பெரும்பங்கு நேரத்துக்குப் போகட்டும். இங்கே நாங்கள் செய்வது தலைகீழ்: முதல் நாளே பந்தை வரிசையாக வைத்து ஷொட் அடிக்க விடுகிறோம்.

முதலில் தொடுகை. இருபது மீற்றருக்கு இரண்டு கோன் வையுங்கள். பொடியன் முக்கால் வேகத்தில் ஓடி, இடக்காலின் வெளிப்புறத்தால் மட்டும் பந்தைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். இருபது மீற்றரில் எட்டிலிருந்து பத்துத் தொடுகை. எட்டுக்குக் குறைந்தால் பந்து காலைவிட்டு விலகுகிறது, நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. பத்தைத் தாண்டினால் ஓட்டம் செத்துவிடும். இரண்டு வாரம், கிழமைக்கு மூன்று நாள், நாளுக்குப் பத்து ஓட்டம் போதும். தலை குனிந்தே ஓடுகிறவனுக்கு, எதிரே நின்று விரல்களைக் காட்டி எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது இடம். எங்கள் மைதானங்கள் பலவற்றின் அகலம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஆகவே எல்லைக்கோட்டிலிருந்து அளக்காமல், தண்டனைப் பெட்டியின் வலது மூலையிலிருந்து அளவெடுங்கள். அந்த மூலையிலிருந்து எல்லைக்கோட்டுப் பக்கமாக மூன்று மீற்றர், மைய வட்டப் பக்கமாக நான்கு மீற்றர். அங்கே பெக்குக்கு ஒரு கோன். அதிலிருந்து பன்னிரண்டு மீற்றர் பின்னால், எல்லைக்கோட்டை ஒட்டித் தொடக்கக் கோன். பெட்டியின் அதே மூலையிலிருந்து, மைய வட்டத்தைப் பார்த்த பெட்டிக் கோட்டோடு உள்ளே எட்டு மீற்றரில், இரண்டு மீற்றர் இடைவெளி விட்டு இரண்டு கோன். அதுதான் அடிக்கும் வாசல்.

இனி வெட்டு. பெக்கை நோக்கி நேராக ஓடவேண்டும், அவனைச் சுற்றி அல்ல. நான்கு மீற்றர் இருக்கும்போது வேகத்தைச் சற்று இறக்கு. இரண்டு மீற்றரில் வலது தோளைத் தாழ்த்தி, கோட்டோடு போவதுபோல வலக்காலை அகல வை. பெக்கின் காலைப் பார். கோட்டுப் பக்கத்துக் காலில் அவன் பாரம் இறங்கி, முழங்கால் மடிகிற கணம்தான் உள்ளே வழி திறக்கிறது. வலக்காலை உதைத்து, இடக்காலின் வெளிப்புறத்தால் பந்தை உள்ளே தள்ளு. அந்தத் தள்ளல் ஒன்றரை மீற்றர் போகவேண்டும். அதற்கு அடுத்த மூன்று காலடியும் முழு வேகம். வெட்டிய பிறகு வேகம் கூடாவிட்டால் பெக் திரும்பி வந்து காலை நீட்டிவிடுவான்.

பெக் அசையாமல் நின்றால்? வெட்டக்கூடாது. இன்னொரு சின்னத் தொடுகை, இன்னொரு தோள் அசைவு. ரொபனின் பழைய ஆட்டங்களில் பாருங்கள், சில வேளை மூன்று, நான்கு தரம் அசைந்து காத்திருப்பார். எங்கள் பொடியன்கள் கோன் இருந்த இடத்தில் வெட்டிப் பழகி, ஆட்டத்திலும் அதே இடத்தில் வெட்டுகிறார்கள். அதனால் மூன்றாம் வாரத்திலிருந்து கோனை எடுத்துவிட்டு ஆளை நிறுத்துங்கள். முதலில் அவன் பந்தைப் பறிக்கக்கூடாது, தன் விருப்பத்துக்கு ஒரு பக்கம் சாயலாம். அவன் கோட்டுப் பக்கம் சாய்ந்தால் வெட்டு, உள்ளே சாய்ந்தால் கோட்டோடு ஓடு. ஐந்தாம் வாரம் பறிக்க விடுங்கள். ஆட்டம் தொடங்கிய முதல் வாய்ப்பில் கோட்டோடு ஓடிவிடுவது நல்லது. பெக்கின் மனதில் அந்தப் பயம் விழுந்தால்தான் பிறகு அவன் கால் அந்தப் பக்கம் சாயும்.

அடிக்கும்போது வலக்கால் பந்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி ஊன்றவேண்டும். இடக்காலின் பெருவிரல் எலும்புப் பக்கத்தால், பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பாதியில் அடி. பந்து தூரக் கம்பத்துக்கு (கோலின் மறுபக்கக் கம்பம்) வெளியே தொடங்கி உள்ளே வளையும். மேலே பறந்தால் ஊன்றுகால் பந்துக்குப் பின்னால் நிற்கிறது, உடம்பு சாய்கிறது. வளையாமல் வெளியே போனால் கால் பந்தைச் சுற்றி வரவில்லை. வலுவில்லாமல் உருண்டால் கடைசித் தொடுகை காலுக்கு மிகக் கிட்ட விழுந்திருக்கிறது, அதை முக்கால் மீற்றர் முன்னால் விடச் சொல்லுங்கள். அடி எப்போதும் ஆளில் பட்டுத் திரும்பினால் கோளாறு காலில் இல்லை. ஒரு தொடுகை பிந்துகிறான், இரண்டாவது பெக் வந்து சேர்ந்துவிடுகிறான்.

தூரக் கம்பம் மட்டும் பழக்கினால் நல்ல கோல் காப்பாளர் இரண்டாம் தரமே முன்கூட்டி நகர்ந்துவிடுவார். 2010 உலகக் கிண்ணத்தில் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக ரொபன் அதே வெட்டை வெட்டி, கிட்டிய கம்பத்துக்குத் தாழ்வாக அடித்தார். பத்து அடியில் மூன்று அப்படி அடிக்கட்டும்.

தனியாக வெட்டுகிறவனை இரண்டு பேர் சேர்ந்து மறித்துவிடலாம். பயர்னில் ரொபனுக்குப் பின்னால் பிலிப் லாம் கோட்டோடு ஏறுவார். அவரைப் பார்த்து எதிரணியில் ஒரு ஆள் விலகவேண்டும், அல்லது லாமுக்குப் பாஸ் போகும். ஆகவே ரைட் பெக்கையும் இதே பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். விங்கர் வேகத்தை இறக்கும் கணத்தில் அவன் ஓடத் தொடங்கவேண்டும். வெட்டிய பிறகு தொடங்கினால் வீண் ஓட்டம். இந்த ஓட்டத்துக்குப் பாஸ் கிடைக்காதே என்று முறையிடும் பெக்குகள் உண்டு. பத்தில் இரண்டு தரமாவது அவனுக்குப் பந்தைக் கொடுக்கச் சொல்லுங்கள், பிறகு சோராமல் ஓடுவான்.

வீடியோ பார்ப்பதும் பயிற்சிதான், ஆனால் கோல் தொகுப்பை வேகமாக ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பாதி வேகத்தில் வைத்து பெக்கின் கால்களை மட்டும் பாருங்கள். 2010 மார்ச்சில் இத்தாலியின் பியோரென்டினா அணியின் மைதானத்தில் தொலைவிலிருந்து அடித்த கோல் வெட்டுக்கு நல்ல பாடம். 2014 உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்து ஸ்பெயினை 5-1 என்று வென்ற ஆட்டத்தின் முதல் ரொபன் கோலில், நீளப் பாஸை இறக்கும் தொடுகையே பெக்கை வெட்டிவிடுகிறது. 2013 சம்பியன்ஸ் லீக் இறுதியில், வெம்பிளியில் 89ஆவது நிமிடத்தில் டோர்ட்மண்டை வீழ்த்திய கோலில் வெட்டே இல்லை. பயர்ன் தோழர் ரிபெரியின் குதிகால் பாஸுக்கு நடுவால் ஓடி வந்து அடித்தது. பந்து மறுபக்கம் இருக்கும்போது கோட்டில் நின்று வேடிக்கை பார்க்கும் விங்கர்களுக்கு அதைக் காட்டவேண்டும்.

இந்த ஆட்டமுறை தொடையின் பின்தசையைத் தின்னும். ரொபனே தசைக் காயங்களால் நிறைய ஆட்டங்களை இழந்தவர். 2010 உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன், ஹங்கேரியுடனான நட்பு ஆட்டத்தில் பின்தசை பிடித்து, முதல் இரண்டு ஆட்டங்களில் இறங்கவில்லை. முழு வேக ஓட்டம் கிழமைக்கு இரண்டு நாள், இடையில் 48 மணி நேரம். ஒரு நாளுக்கு ஆறு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு நிமிட ஓய்வு. அதோடு நோர்டிக் பயிற்சி: பாயில் முழங்காலில் நின்று, தோழன் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய்தல். தொடக்கத்தில் மூன்றிலிருந்து ஐந்து, மாதங்கள் போகப் பன்னிரண்டு வரை. இடுப்பை மடித்தால் பயனில்லை. தொடையின் பின்னால் சுரீர் என்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்து மறுபாதிக்கு இறக்கிவிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

செம்மண் தரை ஆடி, ஆவணியில் கல்லாக இறுகும். நீண்ட ஆணியுள்ள பூட்ஸ் அதில் வழுக்கும், திடீரென வெட்டும்போது முழங்காலும் திருகும். குட்டை றப்பர் ஆணிகள் நெருக்கமாக உள்ளதை வாங்குங்கள். பந்துக்கு 8.5இலிருந்து 9 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றுப் போதும், அதுவும் விதிக்குள்தான். காற்றை இறுக அடித்தால் ஒவ்வொரு தொடுகையிலும் முழங்கால் உயரத்துக்குத் துள்ளும். பதின்மூன்று வயதுக்குக் கீழே நான்காம் இலக்கப் பந்து. மாரியில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும்போது வெட்டைப் பழக்கவேண்டாம், மண்டபத் தரையில் தொடுகை மட்டும் செய்யலாம்.

அணிக்கு ஏழு பேர் ஆடும் சுற்றுப்போட்டிகளில் இதை அப்படியே கொண்டுபோக முடியாது. கோல் சிறியது, வளைக்க இடமில்லை. வெட்டுக்குப் பிறகு ஒரே தொடுகை, உடனே கிட்டிய கம்பத்துக்குத் தாழ்வாக அடி. அணிக்கு ஒன்பது பேர் என்றால் இடம் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் பின்னால் ஏற ரைட் பெக் பெரும்பாலும் இருக்கமாட்டான். அப்போது நடுக்கள வீரர் ஒருவரை அந்த ஓட்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.