கடைக்குள் வெள்ளம் வந்த பிறகு: மறுபடி அடுப்பு மூட்டும் வரை

எங்கள் சமையலறைக்குள் வெள்ளம் வாசல் வழியாக வரவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, தரையில் இருக்கும் சாக்கடைத் துளையின் சல்லடை மூடி முதலில் லேசாகத் தூக்கிக்கொண்டது. அப்புறம் அதைச் சுற்றிக் கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு தண்ணீர் கசிந்தது. டிசம்பர் மாதச் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். பாத்திரம் கழுவும் தம்பி, "அக்கா, அடைச்சிருச்சு" என்று குரல் கொடுத்தார். அடைப்பு என்றுதான் நானும் நினைத்தேன். கால் மணி நேரத்தில் கணுக்காலைத் தொட்டது. முன்வாசல் படியில் தண்ணீர் ஏறியது அதற்குப் பிறகுதான்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் நானும் வீட்டுக்காரரும் சைவ உணவகம் நடத்துகிறோம். பத்து மேசை. தண்ணீர் உள்ளே நின்றது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. பழையபடி முழுப் பட்டியலோடு கடை ஓட 23 நாள் ஆயிற்று. அதில் பாதி நாள் எங்கள் பதற்றத்தால் போனது. எதை முதலில் செய்வது என்று தெரிந்திருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் எழுந்திருப்போம். கடை வைத்திருக்கும் நம்மவர்கள் அந்த வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நமக்கு வராது என்று யாரும் இருந்துவிட வேண்டாம். 2010 ஜூன் 16 காலை இரண்டு மூன்று மணி நேரத்தில் சுமார் 100 மில்லிமீட்டர் மழை கொட்டி, ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் குப்பையால் அடைபட்டு, ஆர்ச்சர்ட் சாலையே ஆறானது. அடுத்த ஆண்டு டிசம்பர் 23 அன்று அதே சாலையில் இருக்கும் லியட் டவர்ஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மறுபடி தண்ணீர் புகுந்தது. பிறகு பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, அருகே நிலத்தடியில் 38,000 கன மீட்டர் கொள்ளும் தேக்கத் தொட்டியும் தனிக் கால்வாயும் கட்டி, 2018ல் திறந்தார்கள். அந்த வட்டாரத்துக்கு அது பெரிய காப்பு. ஆனால் தீவின் மற்ற தாழ்வான இடங்களில், குறுகிய நேரத்தில் கொட்டும் மழையும் கடல் மட்டம் ஏறும் நேரமும் சேர்ந்துகொண்டால் வடிகால் நிறையத்தான் செய்யும். புதுக் கட்டடங்களுக்குத் தரைமட்டம் இவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. நம் பழைய கடைவீடுகள் அந்த விதிக்கு முன்னால் கட்டியவை.

சரி, தண்ணீர் வடிந்துவிட்டது. முதலில் செய்ய வேண்டியது, ஒன்றையும் தொடாமல் இருப்பது. மின்சாரத்தை அணைத்திருந்தால் அணைத்தபடியே இருக்கட்டும். அணைக்கவில்லை, மெயின் சுவிட்சுக்குப் போக ஈரத்தில் நடக்க வேண்டும் என்றால் போகாதீர்கள், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். சில்லரின் கம்ப்ரசர், மாவரைக்கும் கிரைண்டரின் மோட்டார், மேசைக்கடியில் வைக்கும் ஃப்ரிட்ஜ், எல்லாவற்றுக்கும் உயிர் அடியில்தான் இருக்கிறது. மேலே துடைத்துக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே காப்பர் சுருளில் ஈரம் நிற்கும். எங்கள் கிரைண்டரை மறுநாளே ஓட்டிப் பார்த்தோம். ஒரு உறுமல், கருகிய வாடை, அவ்வளவுதான். காயவைத்து, பழுது பார்ப்பவர் சோதித்த பிறகு போட்டிருந்தால் அந்த மோட்டார் பிழைத்திருக்கும். கேஸ் குழாய்க்கும் இதே விதிதான். உரிமம் பெற்றவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அடுப்பு.

அடுத்து, கைப்பேசி. கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, பக்கத்தில் ஓர் அளவுகோல். ஒவ்வொரு இயந்திரத்தின் வரிசை எண். ஒவ்வொரு மூட்டை, ஒவ்வொரு டப்பா. நான் பழக்க தோஷத்தில் முதல் வேலையாகத் துடைப்பத்தை எடுத்துவிட்டேன். மாலைக்குள் தரை பளபளவென்று ஆகிவிட்டது, காப்புறுதிக்குக் காட்ட ஆதாரம் பாதிதான் மிஞ்சியது. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தீ விபத்துக் காப்புறுதி இருந்தால் போதும் என்று பலர் இருக்கிறார்கள். வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டியிருக்கும், கடை மூடிக் கிடக்கும் நாள்களின் வருமான இழப்புக்கு இன்னொன்று.

இனி இருப்பதிலேயே மனசுக்குக் கஷ்டமான வேலை, கொட்டுவது.

வடிகாலிலிருந்து ஏறி வந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. கழிவு, எலிச் சிறுநீர், எண்ணெய் எல்லாம் கலந்தது. அது பட்ட அரிசி, பருப்பு, மாவு, மசாலா, காய், தேங்காய், வாழையிலை எதையும் காப்பாற்ற முடியாது. மூடி திருகிய பிளாஸ்டிக் டப்பாவையும் நம்பக்கூடாது, திருகு வரிக்குள் அழுக்குத் தண்ணீர் புகுந்திருக்கும். நசுங்காத, துருப்பிடிக்காத தகர டின்களை மட்டும் லேபிளைக் கிழித்துவிட்டு, சோப்பால் கழுவி, பிளீச் தண்ணீரில் முக்கி எடுத்து, மேலே பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம். மரக் கரண்டி, மரப்பலகை, பூரிக்கட்டை வேண்டவே வேண்டாம்.

எங்கள் கடையில் 25 கிலோ பொன்னி மூட்டைகள் ஆறு அடுக்கியிருந்தோம். அடியில் இருந்த இரண்டும் ஊறி உப்பிவிட்டன. மேல் நான்கும் காய்ந்து இருந்தன. அந்த இரண்டு மூட்டையைப் பின்சந்துக்கு இழுத்துக்கொண்டு போகும்போது ஒன்று கிழிந்து, ஈர அரிசி வழியெல்லாம் சிந்தியது. ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்த்தார் என் அம்மா. அதன்மேல் பூட்ஸ் காலோடு நடந்தேன். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் குனிந்து கையால் அள்ளி அள்ளிப் பையில் போட்டார். கழுவிக் காயவைத்து வீட்டுக்காவது எடுத்துப் போகலாமே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். நமக்கு ஆகாதது வேலை செய்பவர்களுக்கும் ஆகாது.

தண்ணீர் படாத உணவுக்குக் கடிகாரம்தான் கணக்கு. கரண்ட் போன பிறகு, கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி வேகமாகப் பெருகும். தயிர், பன்னீர், அரைத்த சட்னி, பால் எல்லாம் அந்த நேரம் தாண்டினால் போகட்டும். முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மாஸ்டர்களுக்குத் தங்கள் மூக்கின்மேல் நம்பிக்கை அதிகம், வாடை வராமலேயே உணவு கெட்டிருக்கலாம் என்பதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

கழுவும்போது எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ், கையுறை. கையில் வெட்டுக்காயம் இருப்பவர் அந்த வேலைக்கு வரக்கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஒட்டும். முதலில் சேறு, பிறகு சோப்பும் சுடுநீரும், கடைசியில்தான் பிளீச். அழுக்கின்மேல் பிளீச் ஊற்றினால் பயனில்லை. பாத்திரங்களுக்கு 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சாதாரண வாசனையில்லாத பிளீச் போதும். அதோடு வேறெந்தக் கழுவும் திரவத்தையும் கலக்காதீர்கள், விஷப் புகை கிளம்பும். கிரைண்டர் கல்லை நாங்கள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, பிளீச் தண்ணீரில் நனைத்து அலசி, ஊறிய அரிசியை இரண்டு முறை அரைத்துக் கொட்டிவிட்டு, மூன்றாவது முறைதான் மாவுக்கு எடுத்தோம். ஐஸ் இயந்திரத்தில் இருந்த ஐஸ், தண்ணீர் வடிகட்டியின் உள்பாகம் இரண்டையும் மாற்றுங்கள். கழிவுநீரில் வரும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் கிரீஸ் டிராப்பை அதற்கென்று இருப்பவர்களை வைத்துக் காலி செய்யுங்கள். இதோடு சமையலறை அமைப்பையே மாற்றிக் கட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படியென்றால் வேலை தொடங்கும் முன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடை மூடியிருக்கும் நாளில் பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனசோடு, "உங்க பரோட்டா மாஸ்டரை ரெண்டு வாரம் இங்க அனுப்புங்க" என்பார். அனுப்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரின் வேலை பர்மிட்டில் எந்த முதலாளியின் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் அவர் வேலை செய்யலாம். உதவி என்று நினைத்து அவருடைய பிழைப்புக்கே ஆபத்து கொண்டுவந்துவிடுவோம். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் தந்தாக வேண்டும் என்ற சட்டம் வெள்ளத்துக்காக நிற்காது. ஊரில் அந்தப் பணத்தை நம்பிப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. நாங்கள் முதலில் ஒதுக்கி வைத்தது அந்தச் சம்பளத்தைத்தான். வாடகைக்குக் கட்டட உரிமையாளரிடமும், காய்கறிப் பாக்கிக்கு மொத்த வியாபாரியிடமும் முதல் நாளே நேரில் போய், இவ்வளவு இப்போது, மீதி இந்தத் தேதியில் என்று சொல்லி, அதையே எழுத்திலும் அனுப்பினோம். ஓடி ஒளிபவரிடம்தான் கோபப்படுவார்கள். காய்காரர் மறுவாரமே கடனுக்கு ஐந்து பெட்டி தக்காளி இறக்கினார்.

திறப்பதைப் பற்றி எனக்குக் கற்றுத் தந்தவர் சென்னையில் இருக்கும் என் அண்ணன். சைதாப்பேட்டையில் மெஸ் வைத்திருந்தார். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் மழையும் சேர்ந்து அடையாற்றில் பெருகி வந்தபோது மேசை, கல்லா, பாத்திரம் எல்லாம் போயிற்று. கைப்பேசிகள் வேலை செய்யவில்லை, மூன்று நாள் கழித்துத்தான் குரல் கேட்டேன். அழுவார் என்று நினைத்தால், "இன்னைக்கு உப்புமா போட்டேன்மா" என்றார். கடன் வாங்கிய சிலிண்டர், ஓர் அடுப்பு, ரவை, தண்ணீர் படாமல் பரண்மேல் இருந்த ஒரு அண்டா. பால் விலை பல மடங்கு ஏறிக் கிடந்தது, அதனால் டீ இல்லை, சுக்குத் தண்ணீர் மட்டும். ஏடிஎம் ஓடவில்லை, கையில் காசில்லாதவர்களுக்குக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லாம் சரியான பிறகு திறக்கலாம் என்று காத்திருந்த கடைகளைவிட, அரைகுறையாகவாவது அடுப்பு மூட்டிய கடைகளுக்கு ஆள் சீக்கிரம் திரும்பினார்கள் என்று அவர் இன்றும் சொல்வார்.

எங்கள் சேதம் அவருடையதில் ஒரு துளி. ஆனாலும் நாங்கள் முப்பது பலகாரமும் வந்தால்தான் திறப்போம் என்று ஒன்பது நாளை வீணாக்கினோம். அவர் தொலைபேசியில் சத்தம் போட்ட பிறகுதான் பத்தாம் நாள் திறந்தோம். கேஸ் மட்டும் போதும், ஃப்ரிட்ஜ் வேண்டாத பலகாரங்களாக எடுத்தோம்: வெண்பொங்கல், சாம்பார் சாதம், தக்காளித் தொக்கு, டீ. தேங்காய்ச் சட்னி இல்லை, தயிர் இல்லை. அன்றன்று வாங்கி அன்றன்றே தீர்க்கும் அளவு. பொங்கலும் டீயும் 5 வெள்ளி. மாவு அரைக்க ஆரம்பித்த பிறகு இட்லி, அதற்கு நான்கு நாள் கழித்து தோசை. வாசலில் பெரிய எழுத்தில் இன்று இருப்பவை என்று எழுதி வையுங்கள், இல்லாததைக் கேட்டு ஏமாந்து போக மாட்டார்கள். டெலிவரி செயலிகளில் பழைய பட்டியல் ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள், கூகிளில் கடை நேரத்தை மாற்றுங்கள். நாங்கள் மறந்துபோய், மூடிய கதவுக்கு முன்னால், தீவின் வடக்கே இருக்கும் ஈசூனிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாட்டியோடு நின்றது.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு எதிர்ப்பக்கத்துக் கடை மலாய் மக்சிக் (அத்தை) வந்து ஆறு பொங்கல் டப்பாவ், அதாவது பார்சல், கேட்டார். அவர் கடையிலும் தண்ணீர் புகுந்திருந்தது, அவர் இன்னும் திறக்கவில்லை. மறுவாரம் அவர் திறந்தபோது எங்கள் பையன்கள் எல்லோரும் காலைக்கு அங்கேதான் நாசி லெமாக் சாப்பிட்டார்கள்.

இப்போது எங்கள் சில்லரும் கிரைண்டரும் ஓர் அடி உயர இரும்பு மேடையில் நிற்கின்றன. அரிசி பரணில். பிளக் பாயின்ட்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டோம். வாசலுக்குச் சொருகும் தடுப்புப் பலகை இருக்கிறது, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள எச்சரிக்கை டெலிகிராமில் என் கைப்பேசிக்கும் மாஸ்டர் கைப்பேசிக்கும் வருகிறது. ஆனால் வாசலைத் தடுத்துவிட்டுத் தரைத் துளையை மறந்தால் தண்ணீர் உள்ளே இருந்தே நிரம்பும். பிளம்பரிடம் சொல்லி, வெளியே மட்டும் போகவிடும் ஒருவழி வால்வை அந்தத் துளையில் போடுங்கள். நவம்பர் பிறந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது சரியாக மூடித் திறக்கிறதா என்று பாருங்கள்.