உணர்ச்சி குற்றமான தோட்டத்தில் ஒரு காதல் கதை எழுதுவது எப்படி

உணர்ச்சியைத் தடை செய்த நாட்டைக் கற்பனை செய்வது எளிது. அங்கே இரண்டு பேர் விரும்புவதை வாசகரை நம்ப வைப்பதுதான் கடினம். கதை இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் நடந்தால் புதிதாகக் கோபுரமும் ரோபோவும் வேண்டாம். ஆளைச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் எடுப்பதும், நாளைக் கிலோவால் அளப்பதும், அடுத்த காம்பராவின் (அறையின்) இருமலைக்கூட மறைக்காத லயத்து, அதாவது வரிசை வீட்டுச் சுவரும் ஏற்கெனவே இருக்கின்றன.

முதலில் சட்டத்தை அரைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "உணர்ச்சி கூடாது" என்று பொதுவாக எழுதினால் எந்தக் கங்காணியாலும் யாரையும் பிடிக்க முடியாது. கண்ணுக்கோ காதுக்கோ தெரியும் மூன்று செயல்களைத் தடை செய்யுங்கள். இழவு வீட்டில் ஒப்பாரி கூடாது. தப்பு என்னும் பறையை அடிக்கக் கூடாது. மச்சான், மாமா, அத்தை என்று முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது, இலக்கம் மட்டும்தான். தண்டனை அரைப் பேராகவே, அதாவது அரை நாள் சம்பளமாகவே இருக்கட்டும். அரைப் பேர் விழுந்தால் வீட்டில் ஏன் என்று கேட்பார்கள். ரகசியம் அங்கேயே கசியத் தொடங்கிவிடும், நீங்கள் தனியாக ஒற்றனைத் தேட வேண்டியதில்லை.

அடுத்தது சந்திக்கும் இடம். பலர் சறுக்குவது இங்கேதான். பெண்கள் கொழுந்து மலையில் நிற்பார்கள், ஆண்கள் பெரும்பாலும் கவ்வாத்திலோ (செடி வெட்டுதல்) கான் வெட்டிலோ (வடிகால் வெட்டுதல்) இருப்பார்கள். இருவரையும் ஒரே நிரையில் நிறுத்திக் கண்ணால் பேச வைத்தால் தோட்டத்து வாசகர் அங்கேயே நிறுத்திவிடுவார். அவனைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கு தூக்கும் ஆளாக்குங்கள். நிறுவை நேரத்துச் சில நிமிடங்கள் போதும்.

இனிக் கணக்கு. கதையில் வரும் தோட்டத்தில் ஒரு பேருக்கு (முழு நாள் சம்பளத்துக்கு) 18 கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழிவு என்று வைத்துக்கொள்வோம். தராசில் 20 காட்ட வேண்டும். அவள் சாக்கில் 19 தான் இருக்கிறது. நிறுக்கும் முன்னே அவன் பக்கத்துச் சாக்கிலிருந்து ஒரு கிலோவை அவளுடையதற்கு மாற்றிவிடுகிறான். பக்கத்துச் சாக்கு சரியாக 20 கிலோவுடன் வந்தது, இப்போது 19. அதைக் கொண்டுவந்த வயதான அக்காவுக்கு அன்று அரைப் பேர். அவனுடைய அன்புக்கு விலை கொடுத்தது அந்த அக்காதான், அதுவும் அக்காவுக்குத் தெரியும். அக்கா கங்காணியிடம் சொல்வாளா? கதையின் நடுப்பகுதி முழுவதையும் இந்தக் கேள்வி தாங்கும். காதலர்களின் நீண்ட உரையாடலால் அது முடியாது.

கங்காணியை அரக்கனாக்காதீர்கள். அவனும் நிறுவைக்குப் பதில் சொல்ல வேண்டியவன்.

மாசி மாதத்தைக் கதைக்குள் கொண்டுவர முடிந்தால் கட்டாயம் கொண்டுவாருங்கள். காமன் கூத்தில் சிவனின் நெற்றிக்கண் மன்மதனை எரிக்கும், ரதி புலம்புவாள், ஊரே கூடி நின்று பார்க்கும். காதலும் அழுகையும் தப்பும் ஒன்றாகச் சேரும் இரவு அது. இப்படிப்பட்ட அரசு முதலில் நிறுத்துவது இதைத்தான். தடை வந்த வருஷத்தில் தப்பு தெரிந்த கிழவர் தண்ணீர் வாளியின் விளிம்பில் விரலால் தாளம் போடட்டும். அதை ஒரு தடவை மட்டும் காட்டுங்கள். இரண்டாம் தடவை காட்டினால் அலங்காரமாகிவிடும்.

காலநிலையிலும் கவனம் வேண்டும். ஜூலையில் ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை. அதே ஜூலையில் பண்டாரவளையில் வறண்ட காற்று. எல்லாக் காட்சிக்கும் மழையையும் மூட்டத்தையும் போட்டால் ஊர் தெரியாதவர் எழுதியது போலிருக்கும்.

முதல் வரைவு முடிந்ததும் காதல், கண்ணீர், இதயம், ஏக்கம், துடிப்பு ஆகிய ஐந்து சொற்களையும் அடித்துவிடுங்கள். சொல்பவரும் அந்தச் சட்டத்துக்குள் வாழ்கிறவர்தானே. ஒவ்வொன்றின் இடத்திலும் கை செய்யும் ஒரு காரியத்தை வையுங்கள்: சாக்கின் வாயை இரண்டாம் தடவையும் இறுக்கிக் கட்டுவது, கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்வது.

முடிவில் கொழும்புக்கு ரயில் ஏற்றித் தப்ப வைக்காதீர்கள். பிரிவு இங்கே பட்டியலில் வந்திருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது; மிச்சம் 1,50,000 பேரின் கணக்கு 1974 வரை இழுபட்டது. உங்கள் அரசும் ஒரு படிவம் அச்சடிக்கட்டும். அதில் "உறவு" என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அவள் அதில் என்ன எழுதுகிறாள், அவன் தன் படிவத்தில் என்ன எழுதுகிறான், இரண்டும் பொருந்துகிறதா என்பதை முடிவு செய்த பிறகே கடைசிக் காட்சியைத் தொடுங்கள்.