பழைய காரில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றுவோர் கவனத்திற்கு

தொப்பூர் கணவாயில் அடிக்கடி ஏறி இறங்கும் பழைய பின்சக்கர இயக்கக் கார்களுக்கு கியர்பாக்ஸ் ஆயிலையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் வீட்டிலேயே மாற்றலாம். சிறிது தூரம் ஓட்டிவந்து, ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போதே வண்டியைச் சமதளத்தில் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

ஆயில் நிரப்பும் துளையை மூடியிருக்கும் மேல் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழ்ப் பிளக்கைத் திறந்து ஆயிலை முழுவதும் வடித்த பிறகு, துருவேறிய மேல் பிளக் அசையவில்லை என்றால், வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிச் செல்லவும் வழியிருக்காது. பிளக்கில் மைபோன்ற சாம்பல் நிறப் படிவு இருப்பது இயல்பே. கையில் தட்டுப்படும் உலோகத் துண்டுகள் இருந்தால் பல்சக்கரங்களைச் சோதிக்க வேண்டும்.

கடைக்காரர் ஒரே டப்பாவை இரண்டுக்கும் நீட்டுவார், ஏற்காதீர்கள். ஹைப்பாய்டு வகை (பல்சக்கர அச்சுகள் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகி அமைந்த) டிஃபரன்ஷியலுக்குப் பொதுவாக ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரம் தேவை; ஆனால் அதிலுள்ள கந்தகச் சேர்மானங்கள் சில பழைய கியர்பாக்ஸ்களின் கியர் மாற்ற உதவும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும் என்பதால், அங்கே வண்டியின் கையேடு சொல்லும் ஆயிலையே, பெரும்பாலும் ஜிஎல்-4 தரத்தையே, பயன்படுத்த வேண்டும்.

கீழ்ப் பிளக்கை மூடி, மேல் துளை வழியாகப் புது ஆயிலை ஊற்றுங்கள்; துளையின் விளிம்பில் ஆயில் கசியத் தொடங்கியதும் நிறுத்தி, புது வாஷர் போட்டு முடுக்குங்கள். வடித்த ஆயிலை ஓடையிலோ வயல் வரப்பிலோ கொட்டாமல், பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.